ஐந்தாவது படத்துக்கான கோப்பை

என் கணவரை ஹோட்டலில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெரியவர்களுக்கு அவர் 'சொட்டு', இளையவர்களுக்குச் 'சொட்டு அண்ணன்'. மது கலக்கும்போது அளவுக் கிண்ணத்தைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, ஒரு சொட்டு கூடினாலும் திருப்பி ஊற்றுகிற ஆள் என்பதால் வந்த பட்டம். வீட்டில் ஒரு சொட்டோடு நிறுத்தத் தெரியாத மனுஷனுக்கு இப்படி ஒரு பட்டமா என்று பதினைந்து வருஷம் வயிறெரிந்திருக்கிறேன்.

நான் லாண்டரியில் கறை எடுப்பவள். பெரிய இயந்திரத்துக்குள் போவதற்கு முன்னால் ஒவ்வொரு சட்டையும் என் மேசைக்கு வரும். விரித்துப் பார்த்து, மூக்கருகே கொண்டுபோய், இது காபி, இது ஒயின், இது வீட்டுக்காரியுடையது இல்லாத உதட்டுச்சாயம் என்று பிரித்து, அததற்கான மருந்தைத் தடவ வேண்டும். இப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு ஒரு குடிகாரரோடு குடித்தனம் நடத்தினேன் என்றால் என் பாட்டை யோசித்துக்கொள்ளுங்கள். அவர் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எந்தச் சரக்கு, எவ்வளவு என்று எனக்குத் தெரிந்துவிடும். "எத்தனை நாளா?" என்று கேட்பேன். "ரெண்டே நாள்" என்பார். எந்த மாதத்தில் கேட்டாலும் ரெண்டே நாள்தான்.

பத்தொன்பது வயதில் அந்த ஹோட்டலில் கோப்பை கழுவப் போனவர். கழுவிய கை மெல்ல மெல்லக் கலக்கவும் கற்றுக்கொண்டது. அந்தத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கலந்து முடித்ததும் ஒரு ஸ்ட்ராவை உள்ளே விட்டு, மேல் துளையை விரலால் மூடி, தூக்கி, நாக்கில் இரண்டு சொட்டு விட்டுப் பார்த்த பிறகுதான் கோப்பை வெளியே போக வேண்டும். ஒரு மாலைக்கு நூற்றைம்பது கோப்பை போகிற இடம் அது. நூற்றைம்பது தடவை இரண்டு சொட்டு. இவர் குடிகாரரானது அப்படித்தான், வேலையை ஒழுங்காகச் செய்து.

குடித்துவிட்டு அடிக்கிற ஜாதி இல்லை அவர். அதைவிடப் பயங்கரமான ஒன்று அவரிடம் இருந்தது. செய்ததெல்லாம் மறந்துபோகும். கண் திறந்திருக்கும், நடப்பார், பேசுவார், அப்புறம் ஒன்றுமே ஞாபகம் இருக்காது. ஒரு நாள் கடைக்குப் போய்த் தக்காளி வாங்கி வந்து கூடையில் கொட்டிவிட்டு, அரை மணி நேரம் கழித்து "தக்காளி யாரு வாங்கினா?" என்று என்னைக் கேட்டார். சிரித்தேன். அதற்கடுத்த வாரம் நான் வேலையிலிருந்து வந்து கதவைத் திறந்தபோது வீடு முழுக்கக் கேஸ் நாற்றம். அடுப்பைத் திறந்துவிட்டுத் தீக்குச்சியைத் தேடிப் போனவர், எதற்குப் போனோம் என்பதையே மறந்து சோபாவில் உட்கார்ந்திருந்தார். கையில் தீப்பெட்டி. பக்கத்து அறையில் எங்கள் மகள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள், அவளுக்கு அப்போது பதினைந்து வயது. 

அடுத்த நாள் காலை தானாகவே மறுவாழ்வு மையத்துக்குப் போனார். இரண்டு மாதம் கழித்து வெளியே விடும்போது அங்கிருந்த டாக்டர் சொன்னது ஒரே வாக்கியம்தான்: "நாக்குல ஒரு சொட்டு பட்டாலும் மறுபடி முதல்ல இருந்து." ஹோட்டலில் பழைய மேனேஜர் நல்லவர், இவரைக் காலை ஜூஸ் கவுண்டருக்கு மாற்றினார். விடியும் முன்னே போவார், மதியம் ஒன்றரைக்கு வீட்டில் இருப்பார். நாலு வருஷம் ஒரு சொட்டு இல்லை. மகள் படிக்க விடுதிக்குப் போனாள். வீட்டில் நாங்கள் இருவர் மட்டும். மறுபடியும் பயப்படாமல் தூங்கக் கற்றுக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான், ஆனால் அது பொய். நாலு வருஷமும் அவர் செருப்பைக் கழற்றும்போது நான் மூச்சை இழுத்துத்தான் பார்த்தேன்.

இந்தக் கோடையில் புது மேனேஜர் வந்தார். முப்பத்திரண்டு வயது, நாளுக்கு நாலு யோசனை. ஹோட்டலின் கீழ்த்தளத்தில் ஓர் இளம் ஓவியருடைய ஐந்து புதிய ஓவியங்களை மாட்டப் போகிறார்களாம். ஒவ்வோர் ஓவியத்துக்கும் பொருத்தமாக ஒரு குளிர்ந்த காக்டெய்ல். வருகிற விருந்தாளி ஓவியத்தைப் பார்க்க வேண்டும், அதற்குரிய கோப்பையைக் குடிக்க வேண்டும், அடுத்ததற்கு நகர வேண்டும். ஐந்தையும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். "சொட்டு அண்ணன் கை வச்சாத்தான் சரியா வரும்னு எல்லாரும் சொல்றாங்க" என்று இவரிடம் கேட்டிருக்கிறார்.

"முடியாதுன்னு சொல்லிட்டு வந்தீங்களா?" என்றேன்.

அவர் ஓவியங்களின் சிறிய நகல்களை மேசையில் பரப்பினார். உள்ளங்கை அளவுதான் ஒவ்வொன்றும்.

"நாலு வருஷமா ஆரஞ்சு பிழியறேன்மா" என்றார். "ஒரு தடவை. ஒரே ஒரு தடவை என் வேலையைச் செஞ்சு பாத்துக்கறேன்."

"ருசி பாக்காம எப்படிச் செய்வீங்க?"

"நீ பாரு."

கேட்டதும் எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வாழ்நாளில் அந்தச் சனியனை வாயில் வைத்தவள் இல்லை நான். வாடை வந்தாலே குமட்டும். ஹோட்டலில் எத்தனையோ நாக்கு இருக்கிறதே என்றேன். மற்ற பார்டெண்டர்கள் எல்லாம் இந்த வேலை தனக்கு வராதா என்று காத்திருப்பவர்கள், உள்ளதைச் சொல்ல மாட்டார்கள் என்றார். "உன் மூக்கு மாதிரி மூக்கு இந்த ஊர்ல கிடையாது. வாயில விடு, சொல்லு, துப்பிடு. விழுங்க வேண்டாம்."

இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். மூன்றாம் நாள் சரி என்றேன். ஏன் சரி என்றேன் என்றால், அந்த நகல்களை வைத்துக்கொண்டு அவர் உட்கார்ந்திருந்த விதம். அவர் முதுகு அப்படி நிமிர்ந்து பார்த்து எத்தனையோ வருஷமாகியிருந்தது.

அவர் ஹோட்டலில் காலையிலேயே கலந்து, கால் லிட்டர் பாட்டில்களில் ஊற்றிக் கொண்டுவருவார். விருந்தன்று மொத்தமாகக் கலந்து வைக்க வேண்டியிருப்பதால், ஒன்றிரண்டு நாள் இருந்தால் ருசி மாறுகிறதா என்றும் பார்க்க வேண்டும். அதனால் பாட்டில்கள் எங்கள் குளிர்சாதனப் பெட்டியில் இருக்கும். "ஒரு பெட்டில வச்சுப் பூட்டி சாவியை நீ வச்சுக்கோ" என்று அவரே சொன்னார். "உங்களை நம்பாமலா?" என்று பெரிய மனுஷி மாதிரி சொன்னேன். சொல்லிவிட்டு, அவர் அந்தப் பக்கம் போனதும், பழைய நாட்களில் செய்ததையே செய்தேன். ஒவ்வொரு பாட்டிலின் லேபிள் ஓரத்திலும் திரவம் நிற்கிற மட்டத்தில் பென்சிலால் ஒரு சின்னக் கோடு போட்டேன். அவ்வளவுதான் என் நம்பிக்கை.

நான் லாண்டரியிலிருந்து வந்ததும், மதியம் இரண்டரைக்குச் சமையலறைத் தொட்டி அருகே எங்கள் வேலை தொடங்கும். அவர் நகலைக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டுவார். நான் ஸ்ட்ராவை விட்டு, விரலால் மூடி, நாக்கில் விட்டு, கண்ணை மூடிப் பார்த்து, துப்பி, வாய் கொப்பளிப்பேன்.

முதல் ஓவியம், உச்சி வெயிலில் ஒரு நடைபாதை. யாரோ விட்டுப்போன ஒரு ஜோடி செருப்பு. அதற்கு எலுமிச்சை, ஜின், கோப்பை விளிம்பில் உப்பு. "உள்ளங்கால் சுடணும், இது சுடல" என்றேன். மிளகாயைக் கீறிப் போட்டு வந்தார், சுட்டது. இரண்டாவது, படம் முழுக்கச் சிவப்பு, நடுவில் ஒரு கறுப்புக் கோடு. "இதுக்குப் பேரு ஓவியமா? நாங்க லாண்டரியில தினம் பத்து இப்படி வெளுக்கிறோம்" என்றேன். அவர் சிரித்துச் சிரித்துப் புரையேறினார். அதற்குத் தர்பூசணியும் வோட்காவும். மூன்றாவது, பேருந்துக்கு நிற்கிற கூட்டம், எல்லார் முகமும் விரலால் இழுத்து அழிக்கப்பட்டிருந்தது. இஞ்சியும் ரம்மும். நான்காவது, தண்ணீர் வற்றிய நீச்சல் குளம். வெள்ளரி, புதினா. உள்ளதைச் சொல்கிறேன், கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவரோடு நான் இவ்வளவு பேசிச் சிரித்தது இந்த ஒரு வாரம்தான். சிரித்தபடியே, அவர் கழிவறைக்குப் போகும்போதெல்லாம் கோட்டைப் பார்த்துக்கொள்வேன்.

ஐந்தாவதுதான் வரவில்லை. அந்த ஓவியத்தில் ஒன்றுமே இல்லை. வெளிறிய நீல அறை. ஜன்னலருகே நாற்காலியில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறாள். ஒரு கை ஜன்னல் விளிம்பில். அவ்வளவுதான்.

"இவ என்ன பண்றா?" என்று கேட்டார். "அது தெரிஞ்சாத்தான் கலக்க முடியும்."

நான் அந்தச் சிறிய படத்தை நெடுநேரம் பார்த்தேன். "ஒண்ணும் பண்ணல" என்றேன். "வேலை முடிஞ்சு உக்காந்திருக்கா. அவளை யாரும் தேடல. அவளும் யாரையும் தேடல."

மறுநாள் ஒன்றைக் கலந்து கொண்டுவந்தார். பேரிக்காய்ச் சாறு, கொஞ்சம் ஜின், கடைசியில் கசப்பாக ஏதோ இரண்டு சொட்டு. தண்ணீர் போலத் தெளிவாக இருந்தது. நாக்கில் விட்டேன். குளிர்ந்தது, லேசாக இனித்தது, போகிற போக்கில் கசந்தது. துப்பத் தொட்டிப் பக்கம் குனிந்தேன். அதற்குள் அது உள்ளே போய்விட்டது. வேண்டுமென்று விழுங்கவில்லை என்று சொன்னால் நம்புவீர்களா? எனக்கே சரியாகத் தெரியவில்லை. "இதுதான்" என்று அவரிடம் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது.

மூன்று மணிக்கு அவர் எப்போதும் போல் படுத்தார். விடியற்காலையில் எழுகிற ஆள், மூன்றிலிருந்து நாலு வரை அடித்துப்போட்டாற்போலத் தூங்குவார். நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். உடம்புக்குள் எங்கோ ஒரு திருகாணியை யாரோ அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டது போல இருந்தது. அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டே இருக்கிற என் காது அன்றைக்குக் கேட்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக நான் காவலில் இல்லை. எழுந்துபோய், பாட்டிலைத் திறந்து, இன்னொரு வாய் குடித்தேன். அப்புறம் ரப்பரை எடுத்து என் பென்சில் கோட்டை அழித்துவிட்டு, கொஞ்சம் கீழே புதுக்கோடு போட்டேன். யாரை ஏமாற்ற? கோட்டைப் பார்க்கிறவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதானே.

அடுத்த நாளும் குடித்தேன். அதற்கடுத்த நாளும். ஒரு வாய் இரண்டாயிற்று. லாண்டரியில் பன்னிரண்டு மணிக்கே கண் கடிகாரத்துக்குப் போனது. நாற்பது வயதைத் தாண்டியவள், சட்டைக் காலரில் காபிக் கறையை வைத்துக்கொண்டு, மூன்று மணி ஆக இன்னும் எவ்வளவு நேரம் என்று பார்க்கிறாள். எனக்கே என்னைப் பார்க்கப் பயமாக இருந்தது. ஆனால் மூன்று மணிக்கு அந்தப் பயமும் போய்விடும், அதுதான் அதன் சாமர்த்தியம். பாட்டில் இரண்டு நாளுக்கு ஒரு முறை புதிதாக வந்துகொண்டிருந்ததால் கணக்கும் இடிக்கவில்லை. ஐந்தாம் நாள் கோட்டை அழிக்க மறந்துபோனேன். அதற்கப்புறம் புதுப் பாட்டிலில் கோடு போடுவதோடு சரி, அழித்து மாற்றுவதையே விட்டுவிட்டேன்.

அவரிடம் ஒரு மாற்றம் தெரிந்தது அதற்குப் பிறகுதான். உள்ளங்கையை வாயருகே குவித்து ஊதி முகர்ந்துகொள்வார். பழைய நாட்களில் குடித்துவிட்டு வீட்டுக்கு வரும் முன் செய்கிற வேலை.  ஒரு நாள் காலையில் ஷேவ் செய்தபடி "என் மேல வாடை ஏதாவது வருதா?" என்று கேட்டார்.

"ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

எந்த மனுஷன் சும்மா அப்படிக் கேட்பான்? குடிக்கிறார் என்று முடிவே கட்டிவிட்டேன். என் அநியாயத்தைக் கேளுங்கள்: பாட்டிலில் குறைந்ததெல்லாம் நான் குடித்ததில்லை, பாதி அவர் குடித்ததாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் ஒரு வாய்தானே குடித்தேன், மீதி எங்கே போயிற்று என்று கோபம்கூடப் பட்டேன். அவரை முகர்ந்து பார்த்தேன், சோப்பு வாசம்தான் வந்தது. என் மூக்கு கெட்டுப்போய்விட்டது என்று நினைத்தேனே தவிர, அவர் சுத்தமாக இருக்கிறார் என்று நினைக்கவில்லை.

சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டு அடிக்கடி ஏதோ எழுதினார். நான் வந்தால் மூடிவிடுவார்.

விருந்துக்கு முந்தின நாள் நாலு மணிக்கு, தூங்கி எழுந்து வந்து, மேசையில் என் எதிரே உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. ஐந்தாவது பாட்டிலை எடுத்து நடுவில் வைத்தார். என் பென்சில் கோட்டுக்குக் கீழே இரண்டு விரல்கடை காலியாக இருந்தது.  தொலைந்தேன், கண்டுபிடித்துவிட்டார் என்று நினைத்தேன்.

"நீ கோடு போட்டது எனக்கு முதல்லயே தெரியும்" என்றார். "தப்பில்ல. போட்டது நல்லதாப் போச்சு. ஒரு வாரமாப் பாக்கறேன். தினம் குறையுது."

பாட்டிலை என் பக்கம் தள்ளினார்.

"நான் மறுபடியும் குடிக்கறேன் போல இருக்கும்மா. எனக்கே தெரியாம."

நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். அரை மணிக்கு ஒரு வரி. ஐந்தரை, ஆரஞ்சு உரித்தேன். ஆறு, மிஷின் கழுவினேன். ஒன்றரை, வீடு. இரண்டரை, மனைவி ருசி பார்த்தாள். ஒவ்வொரு நாளும் அப்படி. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரே ஒரு இடம் வெறுமையாக இருந்தது. மூன்றிலிருந்து நாலு.

"அந்த ஒரு மணி நேரம்தான் எனக்குத் தெரியல" என்றார். "தூங்கறதா நினைச்சுக்கறேன். அன்னிக்கு அடுப்பைத் திறந்துட்டு உக்காந்திருந்தேனே, அன்னிக்கும் தூங்கறதாத்தான் நினைச்சேன். நாலு வருஷம் சொட்டுப் படல. எல்லாம் போச்சு." நோட்டின் வெறும் இடத்தில் விரலை வைத்தார். "நீ எப்பவாவது பாத்திருக்கியா? நான் நடந்து போறதை? உண்மையைச் சொல்லு, நான் தாங்கிக்கறேன்."

சொல்லியிருக்க வேண்டும். இதோ இந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். ஒரு வார்த்தை போதும். எனக்கு என்ன வந்தது தெரியுமா? பத்தொன்பது வருஷமாக இந்த வீட்டில் யோக்கியமானவள் நான் ஒருத்திதான் என்ற திமிர். அதை இறக்கி வைக்க முடியவில்லை. "நான் பாக்கல" என்றேன். அது உண்மைதான், அதனால்தான் அவ்வளவு கேவலம்.

"வேற யாரும் இல்ல" என்றார் அவர். "நீ வாயில பட்டாலே முகத்தைச் சுளிப்பே. நீ இருக்கறதாலதான் நான் இத்தனை நாள் தப்பிச்சேன். நாளைக்கு விருந்து முடியட்டும். நேரா மையத்துக்குப் போயிடறேன். முதல்ல இருந்து." என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு எழுந்து போனார். அவருக்கு அப்போதும் என்மேல்தான் கவலை.

அதற்கப்புறம் நான் அந்தப் பாட்டிலைத் தொடவில்லை. கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அது பயத்தாலா, குடிக்காததாலா என்று எனக்குத் தெரியவில்லை, தெரியாததே இன்னும் பயமாக இருந்தது.

விருந்து மாலை ஐந்து மணிக்கு. கீழ்த்தளத்தில் மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி, வெயில் உள்ளே வந்து தரையில் கிடந்தது. ஐந்து ஓவியங்கள், ஒவ்வொன்றின் கீழும் வெள்ளை விரித்த ஒரு மேசை. இவர் வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்தார், நாலு வருஷத்துக்கு முந்தையது, தோளில் தொளதொளத்தது. பின்னாலிருந்த சின்ன அறையில் பெரிய ஜாடிகளை வரிசையாக வைத்து என்னைக் கூப்பிட்டார். ஒவ்வொன்றாக ஸ்ட்ரா விட்டுப் பார்த்துத் துப்பினேன். ஐந்தாவதையும் துப்பினேன். "சரியா இருக்கு" என்றேன். அவர் தலையாட்டினார். மைய விலாசம் எழுதிய காகிதம் அவர் மேல் பையில் மடித்து இருந்தது, நுனி தெரிந்தது.

ஐம்பது பேர் வந்தார்கள். இவர் ஒவ்வோர் ஓவியத்தின் அருகிலும் நின்று, எதற்கு எது, ஏன் என்று இரண்டு வரி சொன்னார். செருப்பு ஓவியத்தில் எல்லாரும் உதட்டை நக்கிக்கொண்டு சிரித்தார்கள். சிவப்பு ஓவியத்தில் லாண்டரிக் கதையைச் சொன்னார், அதற்கும் சிரித்தார்கள். அவ்வளவு அழகாகப் பேசினார். அந்த மனுஷன் மனசுக்குள் தன்னைத் தானே புதைத்துக்கொண்டிருக்கிறான் என்று அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் கூட்டத்துக்கு முன்னாலேயே ஐந்தாவது ஓவியத்துக்குப் போய் நின்றேன். அசல் என்னைவிட உயரமாக இருந்தது. அந்த நீலம், அந்த நாற்காலி, அந்த முதுகு. நகலில் ஜன்னல் வெறும் வெள்ளைக் கட்டமாகத்தான் தெரிந்தது. அசலில் ஜன்னல் கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிந்தது. கண் இரண்டும் அகல விரிந்திருந்தன. வாய் இறுகியிருந்தது. தெருவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். யாரோ வர வேண்டும், எப்படி வருவாரோ என்று பார்த்துக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் விளிம்பில் ஓய்வாக வைத்திருக்கிறாள் என்று நான் நினைத்த கை, விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தது.

ஐயோ, இவளும் காவல்தான் காக்கிறாள். இவளையா நான் ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னேன்? என் ஆசையை அவள் முதுகில் ஏற்றி, அதற்கு ஒரு கோப்பையும் கலக்க வைத்து, அதைத் திருடிக் குடித்து, பழியை அவர் தலையில் போட்டேன்.

கூட்டம் வந்துவிட்டது. மேனேஜர் ஒரு கோப்பையை எடுத்து இவர் கையில் கொடுத்தார். "கடைசி ஓவியம். இதுக்கு முதல் கோப்பையை நம்ம சொட்டு அண்ணனே எடுக்கட்டும்" என்றார். அவருக்கு எதுவும் தெரியாது, பாவம். எல்லாரும் கைதட்டினார்கள். மற்ற நாளாக இருந்தால் இவர் சிரித்துக்கொண்டே கோப்பையை அடுத்தவரிடம் கொடுத்திருப்பார், நாலு வருஷமாக அதில் கெட்டிக்காரர். அன்றைக்குக் கொடுக்கவில்லை. கோப்பைக்குள் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்குத் தெரியும். எப்படியும் போய்விட்டது, இனி என்ன இருக்கிறது என்கிற பார்வை. கோப்பையைத் தூக்கினார்.

நான் எப்படி அங்கே போனேன் என்று தெரியவில்லை. யாரையோ இடித்தேன். அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். விளிம்பு அவர் கீழுதட்டைத் தொடுவதற்கு நூல் இடைவெளி இருந்தது. பாதி பானம் என் கைமேல் கொட்டியது.

"நீங்க இல்ல" என்றேன். "அது நான்."

அவர் புரியாமல் பார்த்தார்.

"மூணுல இருந்து நாலு. நீங்க தூங்கிட்டுத்தான் இருந்தீங்க. நான்தான் குடிச்சேன். நேத்து நீங்க கேட்டப்பவும் சொல்லல."

மேனேஜர் "என்ன ஆச்சுக்கா?" என்றார். யாரோ பின்னால் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். இவர் கோப்பையை மேசையில் வைத்தார். வைத்த கையைக் கண் மட்டத்துக்குத் தூக்கி, அது தன் கைதானா என்று பார்ப்பதுபோலப் பார்த்தார். விரல் ஈரத்தைத் தன் வெள்ளைக் கோட்டில் துடைத்தார். மேசையைப் பிடித்துக்கொண்டார். அவர் முகத்தில் உயிர் திரும்பி வருவதைப் பார்த்தேன். நாலு வருஷமும் அவருக்குத் திரும்பக் கிடைத்துவிட்டது. நான் அழ ஆரம்பித்தேன். திட்டப் போகிறார் என்று நினைத்தேன், திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

அவர் என்னை ஓர் ஓரமாக, அந்தப் பின்னறைக்குக் கூட்டிப்போனார். என் முகத்தைத் தூக்கிப் பிடித்து அருகே வந்து, மெதுவாக மூச்சை இழுத்தார். வாசலில் நின்று பத்தொன்பது வருஷம் நான் செய்த அதே வேலை. அவர் முகத்தில் வந்த உயிர் அப்படியே வடிந்தது. இத்தனை நேரம் தன்னைப் பற்றி இருந்த பயம் போய், இப்போது என்னைப் பற்றிய பயம் வந்திருந்தது.

"எத்தனை நாளா?" என்றார்.

'ரெண்டே நாள்' என்று வாய் வரைக்கும் வந்துவிட்டது. சத்தியமாக, அதுதான் முதலில் வந்தது. அவர் ஏன் எப்போதும் அதையே சொன்னார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பதினோரு நாள்" என்றேன்.

 வெளியே மேனேஜர் எதையோ சொல்லிச் சமாளிக்கிற சத்தம் கேட்டது. இவர் மேல் பையிலிருந்து மைய விலாசக் காகிதத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்து, மறுபடி மடித்து, என் கைப்பைக்குள் வைத்தார். "காலையில ரெண்டு பேரும் போவோம்" என்றார். அப்புறம் ஜாடிகளை ஒவ்வொன்றாக மூடினார், ஐந்தாவதைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார். அது முழுக்கப் போகும்வரை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் பார்ப்பதை அவர் பார்த்தார்.

"இனிமே மூணுல இருந்து நாலு வரைக்கும்," என்றார், குழாயை மூடியபடி, "நான் தூங்கல."